‘ஸ்ஸ்’ என்று கசிந்த காற்றும் ஒரு சின்ன வளையத்தின் வரலாறும்



பதிவு கொஞ்சம் நீளம். நம்ம பக்கம் தளபாட வேலை, குஷன் வேலை செய்கிற சகோதரர்கள் ஆறுதலாக வாசியுங்கள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் கட்டாயம் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் என் மாமாவுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. செட்டி செய்வார், பழைய செட்டிக்குக் குஷன் மாற்றுவார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவருடைய எயார் நெய்ல் கன் பழுதாகிவிட்டது. எஃப் 30 என்று கடைகளில் சொல்வார்களே, 18 கேஜ் மெல்லிய ஆணி அடிக்கிற அந்தக் கன். கொம்பிரசர் ஹோஸை மாட்டினால் போதும், டிரிகரைத் தொடாமலேயே மேல் மூடியின் ஓட்டையால் ‘ஸ்ஸ்’ என்று காற்று வந்துகொண்டிருந்தது. கொம்பிரசர் ஓயாமல் ஓடியது. திருத்துகிற ஒரு கடைக்குக் கொண்டுபோனார். “இதுக்குப் பார்ட்ஸ் வராது, புதுசு ஒண்டு எடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் ஐந்து ஓடர். அட்வான்ஸ் காசு முழுவதும் பலகைக்கும் ஸ்பொஞ்சுக்கும் போய்விட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மருமகன், நீங்க படிச்ச ஆள்தானே, ஒருக்கா பாருங்களன்” என்றார். படித்த ஆள் என்ற நினைப்பில் நானும் அலன் கீயை எடுத்துக்கொண்டு மேல் மூடியின் ஆணியில் வைத்தேன்.

ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. “சேர், முதல்ல ஹோஸைக் கழட்டுங்க!”

ஹோஸ் மாட்டியபடியே இருந்தது. மெகசினில் ஆணியும் இருந்தது. கன்னின் மூக்கோ என் தொடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் நான் இந்தப் பதிவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருப்பேன்.

கையைப் பிடித்தவன் மாமாவிடம் வேலை பழகுகிற பையன். நான் படிப்பித்த மாணவன். என் வரலாற்றுப் பாடத்தில் அவனுக்கு நான் போட்ட புள்ளிகளை இங்கே எழுத எனக்கே வெட்கம். ஓ.எல்.லோடு பாடசாலையை விட்டவன். “எனக்கு மூளை ஏறாது சேர்” என்று ஒருநாள் அவனே சொல்லியிருக்கிறான். நான் அதை மறுக்கவுமில்லை.

அவன் ஹோஸைக் கழற்றினான். மெகசினைத் திறந்து ஆணிகளை எடுத்தான். பிறகு கன்னைச் சுவர்ப் பக்கம் பிடித்து ஒருமுறை டிரிகரை அழுத்திப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கறுப்பு வளையம். மோதிரத்தை விடக் கொஞ்சம் பெரிது. உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டோடு இருந்தது. “இதுதான் சேர் ஆள்” என்றான்.

அன்று மஃரிபுக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது அவன் கேட்டான்: “சேர், இந்த ரிங்கை யாரு கண்டுபிடிச்ச?”

அவன் என்னிடம் கேட்ட முதல் வரலாற்றுக் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் ஒரு நீண்ட இரும்புத் தகடு, அதுதான் ஆணியைத் தட்டுவது. சிலிண்டரின் தலையில் ஒரு வால்வு மூடியபடி இருக்கும். அதை மூடி வைத்திருப்பதும் அழுத்தப்பட்ட காற்றுதான். டிரிகரை அழுத்தினால் அந்தத் தலை வால்வைப் பிடித்திருக்கும் காற்று வெளியே போகும். வால்வு திறக்கும், காற்று முழுவதும் பிஸ்டன் மேல் பாயும், ஆணி இறங்கும். டிரிகரை விட்டால் வால்வு மூடும், பிஸ்டன் மேலே திரும்பும். அவ்வளவுதான். இந்த நாடகம் முழுவதும் நம்பியிருப்பது சில இறப்பர் வளையங்களை. அசைகிற இரண்டு உலோகத் துண்டுகளுக்கு இடையில் காற்று ஒழுகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை.

அசையவும் வேண்டும், ஒழுகவும் கூடாது. கேட்க இலகுவாக இருக்கிறது. மனிதன் இதோடு ஆயிரம் வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன். அப்பாஸியக் கலீபாக்களின் காலம். அவர்கள் எழுதிய சூட்சுமக் கருவிகள் பற்றிய நூலில் கூம்பு வடிவ வால்வுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தண்ணீரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கிற வேலை. நம்முடைய நெய்ல் கன்னின் டிரிகருக்குள் இருக்கிற சின்ன வால்வுக்கு அவை தூரத்து மூத்தாப்பாமார் மாதிரி.

அடுத்து அல்ஜஸரி. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதியில் அர்துகிய அரசர்களிடம் வேலை செய்தவர். 1206இல் முடித்த தன் நூலில், இரண்டு பிஸ்டன் வைத்துத் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகிற ஒரு பம்பை விவரிக்கிறார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஒழுகாமல் இருக்க அவர் பயன்படுத்தியது நார்க்கயிறு. வால்வின் அடைப்பும் அது உட்காரும் இடமும் பிசகில்லாமல் பொருந்த, இரண்டையும் குருந்தக்கல் தூள் போட்டு ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்கிறார். வாகன கராஜ்களில் வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து இருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். அல்ஜஸரியை நாம் பெருமைக்குப் பெயர் சொல்கிறோம். அவர் கையில் கிரீஸ் ஒட்டிய ஆள் என்பதை மறந்துவிடுகிறோம்.

கயிறும் தோலும் கொழுப்பும் வைத்து அடைக்கிற முறை நீராவி இயந்திரக் காலம் வரை ஓடியது. அவை சீக்கிரம் தேயும், அடிக்கடி இறுக்க வேண்டும். இதை மாற்றியவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் 1865இல் பிறந்து, 1891இல் அமெரிக்கா போன ஒரு மெஷின் தொழிலாளி. அங்கே காற்று பிரேக்குகளில் வேலை செய்தார். 1937இல், தனது 72ஆவது வயதில், ஓ ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1939இல் கிடைத்தது. அவருடைய கண்டுபிடிப்பு வெறும் வளையம் அல்ல. வளையத்தை அதற்கு அளவான ஒரு குழிக்குள் உட்கார வைத்ததுதான். குழி வளையத்தை விடச் சற்று நீளம். அழுத்தம் வரும்போது வளையம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, கொஞ்சம் உருமாறி, இடைவெளியைத் தானே அடைக்கும். அழுத்தம் கூடினால் அடைப்பும் கூடும். இரண்டாம் உலகப் போர் வந்தது, விமானங்களுக்கு அது தேவைப்பட்டது, அமெரிக்க அரசு உரிமையை வாங்கி எல்லா உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டது. கிறிஸ்டென்சன் 1952இல் இறந்தார்.

நெய்ல் கன்னும் அந்தப் போரின் நிழலில் பிறந்ததுதான். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு என்பதால் அமெரிக்காவில் ஹோவார்ட் ஹியூஸ் ஒரு பிரமாண்ட விமானத்தை மரத்தால் கட்டினார். 1947 நவம்பர் 2ஆம் திகதி அது ஒரே ஒரு தடவை பறந்தது. அந்த விமான வேலையில் இருந்த பொறியியலாளர் மொரிஸ் பைனூஸ். வீடுகளின் பலகைத் தரை அடிக்கிற காற்று நெய்ல் கன் 1950இல் சந்தைக்கு வந்ததோடு அவருடைய பெயர்தான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நின்றபடியே நிமிடத்துக்கு 40 முதல் 60 ஆணி அடிக்கலாம். குனிந்து குனிந்து சுத்தியல் அடித்த தச்சரின் முதுகுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று மாமாவைக் கேளுங்கள்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். இறப்பர் என்றால் நமக்கும் சொந்தம்தானே? 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதே வருடம் அங்கே முளைத்த கன்றுகளில் 1,919 கன்றுகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்க் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்தபோது நேச நாடுகளுக்குப் பெருமளவில் இயற்கை இறப்பர் கொடுக்க மிஞ்சியிருந்தது இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்ததும் இதே நாடுதான்.

இவ்வளவு இறப்பர் இருந்தும் அந்தக் கறுப்பு வளையம் நம்ம மரத்துப் பாலில் செய்ததல்ல. இதை நான் தோற்றுத்தான் கற்றேன்.

வளையம் தேடி அலைய நேரமில்லை என்று, பழைய சைக்கிள் டியூப்பில் வட்டமாக வெட்டிப் போடும் யோசனையைச் சொன்னவன் நான்தான். பையன் தலையைச் சொறிந்தான், ஆனால் சேர் சொன்னால் மறுப்பானா? போட்டோம். கசிவு நின்றது. மாமா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். இரண்டாம் நாள் கன் சொதப்பத் தொடங்கியது. டிரிகரை அழுத்தினால் ஒருமுறை அடிக்கும், மறுமுறை வெறும் சத்தம் மட்டும். ஆணி பாதி இறங்கி நிற்கும். திறந்து பார்த்தால் என் வளையம் எண்ணெயைக் குடித்து ஊதிப்போய் வால்வை அசைய விடாமல் பிடித்திருந்தது.

மாமூல் இறப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதும். எண்ணெய் படுகிற இடத்துக்கு நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர் வேண்டும். அதை 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாக்கினார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாதாரண இறப்பர் பேண்டை என்ஜின் எண்ணெயில் ஓரிரு நாள் போட்டு, புதிய ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இப்போது அதை வகுப்பில் செய்து காட்டுகிறேன். ஹெனரத்கொடையில் தொடங்குகிற பாடத்தைப் பிள்ளைகள் இப்போதுதான் கண்ணை விரித்துக் கேட்கிறார்கள்.

சரியான வளையம் கடைசியில் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. பையன் பழைய வளையத்தைச் சின்னப் பையில் போட்டுக்கொண்டு போனான். அது தட்டையாகி இருந்ததால் அதை மட்டும் நம்பாமல், அது உட்காருகிற குழியையும் வேணியர் கலிப்பரால் அளந்து எழுதியிருந்தான். உள் விட்டம் ஒன்று, வளையத்தின் தடிப்பு ஒன்று. இரண்டும் வேண்டும். அந்த வளையத்தின் விலை ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிற காசு. “பார்ட்ஸ் வராது” என்று சொன்ன கன் அன்று அஸருக்கு முன் வேலை செய்தது. ஐந்து ஓடரும் பெருநாளைக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தன.

பஞ்சிகாவத்தை என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1970 முதல் 1977 வரையான காலத்தைப் பேசுவார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு. ஒரு பொருள் உடைந்தால் புதியது வாங்க வழியில்லை, திருத்தத்தான் வேண்டும். 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, பொருள் குவிந்தது, மெல்ல மெல்லத் திருத்துகிற கை குறைந்தது. 2022இல் மறுபடியும் அடி விழுந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது, ஓகஸ்ட் மாதம் 300க்கும் மேற்பட்ட பொருள்களின் இறக்குமதியை இடைநிறுத்தினார்கள். அந்த நாள்களில் வீட்டில் ஒரு ஃபேனைத் திருத்தத் தெரிந்தவனுக்கு இருந்த மதிப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நிலைமை கொஞ்சம் சீரானதும் அந்த மதிப்பையும் சேர்த்தே மறந்துவிட்டோம்.

கைத்தொழில் நம் பேச்சிலேயே இருக்கிறது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். மொரட்டுவைத் தச்சர்களின் பெயர் பிரித்தானியர் காலத்திலேயே பரவியிருந்தது. அந்தப் பையன் என் மாமாவை ‘பாஸ்’ என்று கூப்பிடுகிறான். கொழும்பில் தச்சரையும் மேசனையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அது 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் தொழிலின் தலைவனுக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் கம்பனி முதலாளியைச் சொல்கிற ‘பொஸ்’ என்பதும் இதே ஒல்லாந்துச் சொல்தான். அதே சொல் ஓரிடத்தில் முதலாளி ஆயிற்று, நம்மிடத்தில் கையால் வேலை செய்கிறவரிடமே நின்றது. எனக்கு நம்முடைய பொருள்தான் பிடித்திருக்கிறது. ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். ஆனால் பிள்ளை தச்சு வேலைக்குப் போகிறான் என்றால் மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் குரல் இறங்குகிறது.

சரி, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கன் மூலையில் கிடந்தால், பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, ஹோஸைக் கழற்றுங்கள், ஆணியை எடுங்கள். எந்த அவசரத்திலும் இது மாறாது.

கசிவு எங்கே என்று தெரிய, ஆணி இல்லாமல் ஹோஸை மாட்டி, மூக்கை ஆள் இல்லாத பக்கம் பிடித்துக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. டிரிகரை அழுத்தாமலே மேல் மூடியின் ஓட்டையால் காற்று வந்தால் தலை வால்வின் வளையம், அல்லது அங்கே தூசி. டிரிகர் பக்கம் வந்தால் டிரிகர் வால்வின் சின்ன வளையங்கள். மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் வந்தால் ஆணி தளர்ந்திருக்கும், அல்லது கேஸ்கெட் போயிருக்கும். டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் மூக்கால் வந்தால் பிஸ்டன் வந்து முட்டுகிற அடி பம்பர் வெடித்திருக்கும். இடம் தெரிந்ததும் மறுபடியும் ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கசிவில்லை, ஆனால் ஆணி அரைகுறையாக இறங்குகிறது என்றால் முதலில் கொம்பிரசரின் அழுத்தத்தைப் பாருங்கள். பிறகு பிஸ்டன் வளையம் காய்ந்திருக்கிறதா, தட்டுகிற தகட்டின் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சத்தம் வந்து ஆணி வராவிட்டால் மெகசினில் தூசி, தளர்ந்த ஸ்பிரிங், அல்லது அளவு மாறிய ஆணி.

காற்றுக் கருவிகளுக்கென்று விற்கிற எண்ணெயை வேலை தொடங்கும்போது இரண்டு மூன்று சொட்டு ஹோஸ் மாட்டும் இடத்தில் விடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், அது வளையத்தைக் கெடுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கொம்பிரசர் டாங்கியின் அடியில் சேர்கிற தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்துவிடுங்கள்.

மூக்கை அழுத்தினால்தான் சுடும் பாதுகாப்பு உள்ள கன் என்றால் அதைக் கட்டி வைத்து வேலை செய்யாதீர்கள். மலிவான சின்னக் கன்களில் அந்தப் பாதுகாப்பே இல்லாதவையும் உண்டு, அவற்றில் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடி போடுங்கள். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 37,000 பேர் நெய்ல் கன் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை கணக்குச் சொல்லியிருக்கிறது. உடம்பு வெடித்த கன், அடையாளம் தெரியாத பார்ட்ஸ் என்றால் வீட்டில் விளையாட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வளையம் சின்னது என்று நினைக்காதீர்கள். 1986 ஜனவரி 28ஆம் திகதி செலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்தது, குளிரில் விறைத்துப்போன ஓ ரிங் அடைக்காமல் விட்டதால். குளிரான இரவுக்குப் பிறகு ஏவ வேண்டாம் என்று முதல் நாளே அந்த ரொக்கெட்டைச் செய்த பொறியியலாளர்கள் எச்சரித்திருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. இதை வாசித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்த கை ஞாபகம் வந்தது. அன்று நான் “சேருக்கே சொல்லித் தாறியா?” என்று கேட்டிருந்தால்?

அந்தப் பையனிடம் போன கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு எதற்கென்று விளங்கவில்லை, சிரித்தான். நான் போட்ட புள்ளியை இனி மாற்ற முடியாது. ஆனால் ஒழுகும் இடத்தைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மூளை ஏறாது என்று இனி ஒருபோதும் நினைக்க மாட்டேன். பனூ மூஸாவும் அல்ஜஸரியும் கிறிஸ்டென்சனும் செய்த வேலையும் அதுதான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஒழுகிற பைப்பையோ நின்றுபோன ஃபேனையோ அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவன் ஏதாவது கேட்டால், தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு என்னைப் போலத் தேடி வாசியுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக.